வீட்டில் எதற்கு முதல் செலவு?



பொங்கல் வந்தால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள். எல்லைப் பகுதியில் சிலர் ஓணத்துக்கும் அடிப்பார்கள். கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். கட்டாயம் அடிப்பார்கள். எந்தச் சுவருக்கு? தெருவைப் பார்த்த சுவருக்கு. சமையல்கட்டுச் சுவர் கரி பிடித்து அப்படியே இருக்கும். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். அங்கே நாள் முழுவதும் நிற்கிற பெண்ணுக்குக் கண் இல்லையா?

இன்றைய பேச்சு வீட்டைச் சீராக்குவது பற்றியது. கையில் இருப்பது கொஞ்சம் பணம். எதை முதலில் செய்வது?

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண் சுவர், ஓட்டுக் கூரை. முன்னால் திண்ணை. உள்ளே ஓர் அறை. பின்னால் சாய்ப்பு இறக்கிச் சமையல்கட்டு. கணவர் தென்னந்தோப்பில் வேலை செய்கிறார். மனைவி தொழிலுறுதி வேலைக்குப் போகிறார். கணவரின் அம்மாவும் கூட இருக்கிறார். மூத்த மகளைப் பெண் பார்க்க ஆவணி மாதம் வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மனைவிக்குச் சீட்டுப் பணம் 12,000 ரூபாய் வந்தது.

"முன்பக்கம் பூசிப் பெயின்ட் அடிச்சுப் போடலாம் அம்மிணி. திண்ணைக்கு டைல்ஸ் ஒட்டிப் போடலாம். வர்றவங்க மொதல்ல பாக்குறது அதைத்தான?" என்றார் கணவர்.

"ஏனுங்க, வர்றவங்க ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போயிருவாங்க. அத்தை படுக்குற எடத்துல ஒழுகுதுங்க. போன மழைக்கே மூணு ஏனம் வெச்சோம்" என்றார் மனைவி.

"டைல்ஸுக்குப் பணம் பத்தாது. வாரவாரம் கட்டுற லோன் 30,000 வாங்கினா எல்லாமே ஆயிருமல்ல?"

மனைவி பதில் சொல்லவில்லை. வகுப்புக்குக் கொண்டுபோகும் நோட்டை எடுத்தார். வாரம் 700 ரூபாய் கட்ட வேண்டும். 52 வாரம். பெருக்கிப் பார்த்தார். 36,400 ரூபாய் வந்தது. வாங்குவது 30,000. கூடக் கட்டுவது 6,400. அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கணவரிடம் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "மழை இல்லாத மாசத்துல வேலை இல்லீன்னா இந்த 700-க்கு எங்க போறது?" என்று அவரே கேட்டார். லோன் பேச்சு அதோடு நின்றது.

பிறகு அந்த நோட்டில் இரண்டு பக்கம் எழுதினார்கள். ஒரு பக்கம் கூலியும் விலையும் கொடுத்துச் செய்வது. மறு பக்கம் காசில்லாமல் கையால் செய்வது. நீங்களும் இப்படி எழுதிப் பாருங்கள். விலையை நாலு இடத்தில் கேட்டு, அதையும் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதே விலையாகிவிடும்.

முதலில் கூரை. ஏன் கூரை? ஓர் ஓடு உடைந்தால் மழைத் தண்ணீர் ரீப்பரில் இறங்கும். ஈரமான மரம் உளுத்துப் போகும். கரையானும் வரும். பிறகு கைமரம் போகும். தண்ணீர் மண் சுவரில் இறங்கினால் சுவரே உட்காரும். ஓர் ஓட்டின் விலை என்ன, ஒரு கைமரத்தின் விலை என்ன? ஓட்டை மாற்றாமல் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் அந்தப் பெயின்ட் அடுத்த மழையில் உரிந்து விழும். மண் சுவருக்கு உச்சியிலும் அடியிலும் தண்ணீர் படாமல் காத்தால் போதும். அது பல தலைமுறைக்கு நிற்கும். அப்படி நிற்கிற வீடுகளைச் சித்தூர்ப் பக்கம் எத்தனையோ பார்க்கலாம்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? உச்சி வெயில் நேரத்தில் கதவையும் ஜன்னலையும் சாத்துங்கள். உள்ளே நின்று மேலே பாருங்கள். எங்கே வெயில் ஊசியாக இறங்குகிறதோ அங்கே ஓடு உடைந்திருக்கும், அல்லது நகர்ந்திருக்கும். நேர் கீழே தரையில் கரியால் குறி போடுங்கள். ஒன்று கவனியுங்கள். தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். தண்ணீர் மரத்தோடு வழிந்து கீழே வந்து சொட்டும். ஓட்டை அதற்கு மேலே, முகட்டுப் பக்கம் இருக்கும். நகர்ந்த ஓட்டைத் தள்ளி வைத்தாலே பாதி ஒழுகல் நின்றுவிடும். அதற்கு ஓடு வாங்க வேண்டியதில்லை. ஓட்டுக்கு நடுவில் சேர்ந்த சருகையும் பாசியையும் எடுத்துவிட்டால் தண்ணீர் தேங்காமல் ஓடும்.

ஓடு வாங்கத்தான் வேண்டும் என்றால் பழைய ஓடு போதும். பழைய வீட்டை இடிக்கிற இடத்தில் கிடைக்கும். கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டுங்கள். 'டிங்' என்று கேட்டால் நல்ல ஓடு. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. வீட்டில் இருக்கிற ஓட்டின் அளவும் கம்பெனியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று பூட்டாது. ஏறுவதற்கு வேலை தெரிந்த ஆளை வையுங்கள். கூலி மிச்சம் என்று தெரியாதவர் ஏறி விழுந்தால், ஆஸ்பத்திரிச் செலவு ஒரு புதுக் கூரையின் விலைக்கு வரும். ஆஸ்பெஸ்டாஸ் சீட் கூரை என்றால் அதன் மேல் கால் வைக்கவே கூடாது. பட்டென்று உடையும். அதை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

அடுத்தது சுவரின் அடி. இது காசில்லாத வேலை. இறவாரத்திலிருந்து விழும் தண்ணீர் மண்ணைத் தோண்டிச் சுவரடியில் தேங்கும். வீட்டைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டுங்கள். சுவரடி மண்ணை மேடாக்கி வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். தண்ணீர் விழுகிற இடத்தில் உடைந்த ஓட்டையும் கல்லையும் பரப்புங்கள். அந்தக் கொழிஞ்சாம்பாறை வீட்டில் இதைக் கணவரும் மகளும் இரண்டு சாயங்காலத்தில் முடித்தார்கள். மழைக்கு முன் முடிப்பதுதான் முக்கியம்.

பூச்சும் டைல்ஸும் இல்லாமல் வீடு அழகாக இருக்குமா என்று சிலர் கேட்பார்கள். இதற்குப் பதில் சொன்ன ஒருவர் கேரளத்தில் வாழ்ந்தார். பெயர் லாரி பேக்கர். கட்டடக் கலைஞர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியா வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். பிறகு இங்கேயே தங்கிவிட்டார். மனைவி எலிசபெத், கேரளத்துக் குடும்பத்தைச் சேர்ந்த டாக்டர். இருவரும் இமயமலைப் பக்கம் பல ஆண்டுகள் இருந்தார்கள். 1963-இல் வாகமண் மலைக்கு வந்தார்கள். இன்று இடுக்கி மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கும் அதே வாகமண்தான். அங்கிருந்து திருவனந்தபுரம் போனார்கள். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதாக பேக்கர் அடிக்கடி நினைவுபடுத்துவார். மண், செங்கல், சுண்ணாம்பு, பழைய ஓடு, இவற்றை வைத்தே ஏழைகளுக்கு வீடு கட்டினார். பெரிய கல்லூரிக் கட்டடங்களும் கட்டினார். செங்கல்லுக்கு மேல் அவர் பெரும்பாலும் பூசவே மாட்டார். பூசினால் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு தடவை அடித்தால் ஆயுள் முழுவதும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலி பாட்டில்களைச் சுவரில் பதித்து உள்ளே வெளிச்சம் வர வைத்தார். செலவைக் குறைப்பது எப்படி என்று தன் கையாலேயே படம் வரைந்து சின்னப் புத்தகங்கள் எழுதினார். 1985-இல் திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டு என்ற நிறுவனம் தொடங்கியது. முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனனும் பேக்கரும் சேர்ந்து தொடங்கியவர்களில் இருந்தார்கள். 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007-இல் காலமானார். இத்தனை பெரிய மனிதர் பூசாத சுவரைப் பார்த்து வெட்கப்படவில்லை.

சரி, சமையல்கட்டுக்கு வருவோம். விறகுப் புகை கண்ணை எரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது நுரையீரலுக்கும் இதயத்துக்கும் போகிறது. அடுப்புப் புகையாலும் வீட்டுக்குள் சேரும் புகையாலும் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளும் உண்டு. கேஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வாங்கும் வரை எது எரிகிறது? விறகுதான்.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-களில் ஒரு புகையில்லா அடுப்பை ஊர் ஊராகப் பரப்பியது. பரிஷத் அடுப்பு என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பரிஷத்தின் கிராமத் தொழில்நுட்ப மையம் பாலக்காட்டுக்கு அருகே முண்டூரில் 1987-இல் தொடங்கியது. அந்த அடுப்பின் விஷயம் எளிது. முதல் வாயில் எரிகிற தீயின் சூடு இரண்டாவது பாத்திரத்துக்கு அடியில் போகிறது. மிச்சப் புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடுகிறது. பாத்திரம் வாயில் சரியாக உட்கார வேண்டும். இடுக்கு இருந்தால் புகை வீட்டுக்குள்தான் வரும். குழாயில் கரி அடைக்கும். அதை அவ்வப்போது தட்டி எடுக்க வேண்டும். பல வீடுகளில் இந்த அடுப்பு கெட்டுப் போனதற்குக் காரணம் இந்தக் கரிதான். அடுப்பைக் குறை சொல்லி என்ன பயன்?

பரிஷத் பரப்பிய இன்னொரு பொருள் சூடாறாப் பெட்டி. இதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பழைய மரப்பெட்டியோ மூங்கில் கூடையோ எடுங்கள். அடியில் நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த வைக்கோலை அழுத்துங்கள். நடுவில் சோற்றுப் பானை உட்காரும்படி குழி விடுங்கள். சுற்றிலும் அதே கனத்துக்கு வைக்கோல். மேலே மூடப் பழைய துணி திணித்த ஒரு தலையணை. இவ்வளவுதான் பெட்டி. மட்டை அரிசி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அரிசி நன்றாகக் கொதித்துப் பத்து நிமிடம் ஆனதும் மூடியோடு இறக்கிப் பெட்டிக்குள் வையுங்கள். தலையணையால் அழுத்தி மூடுங்கள். உள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியில்லை. அந்தச் சூட்டிலேயே சோறு வேகும். நடுவில் திறந்து பார்க்காதீர்கள். முதல் இரண்டு நாள் தண்ணீர் அளவும் நேரமும் சரியாக வராது. மூன்றாம் நாள் கை பழகிவிடும். விறகானாலும் கேஸானாலும் மிச்சம். புகையில் நிற்கிற நேரமும் மிச்சம். ராத்திரி முழுவதும் மட்டும் அதில் வைக்க வேண்டாம். இளஞ்சூட்டில் சோறு கெட்டுப் போகும்.

வெளிச்சத்துக்கு ஒரே ஒரு கண்ணாடி ஓடு. சமையல்கட்டில் அடுப்புக்கு மேலே இல்லாமல், அரிசி பார்க்கிற இடத்துக்கு மேலே போடுங்கள். தகரக் கூரைக்கு வேறு வழி உண்டு. பிரேசில் நாட்டில் ஆல்ஃபிரடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-இல் கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் இரண்டு மூடி பிளீச்சும் ஊற்றிக் கூரை ஓட்டையில் பாதி மேலே, பாதி கீழே இருக்கும்படி பதித்தார். பகலில் அது பல்பு போல வெளிச்சம் தரும். சுற்றி ஒழுகாமல் அடைப்பதுதான் கஷ்டம்.

வெள்ளை அடிப்பது இப்போது வருகிறது. மண் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. பிளாஸ்டிக் பெயின்ட் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. அது கொப்புளம் போட்டு உரியும். சுண்ணாம்பைத் தாழிக்க இரும்பு வாளியோ மண் தொட்டியோ வேண்டும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். தண்ணீரில் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓரிரு நாள் ஊற விட்டு, துணியில் வடித்து, கொஞ்சம் உப்பும் அரிசிக் கஞ்சியும் சேருங்கள். கெட்டியாக ஒரு தடவை அடிப்பதைவிட நீர்க்க மூன்று தடவை அடிப்பது நிற்கும். பாலக்காட்டு வெயிலில் கான்கிரீட் கூரை இருந்தால் அதன் மேலும் அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். 2017-இல் அகமதாபாத் நகரத்தில் குடிசைப் பகுதி வீடுகளின் கூரைகளுக்கு இப்படித்தான் வெள்ளை அடித்தார்கள்.

அந்தக் கொழிஞ்சாம்பாறை வீட்டில் என்ன ஆயிற்று? ஓடு மாற்றினார்கள். அடுப்புக்குக் குழாய் வைத்தார்கள். மீதிப் பணத்தில் சுண்ணாம்பு வாங்கினார்கள். சமையல்கட்டுக்கு முதலில் அடித்தார்கள். மிச்சம் இருந்ததைத் திண்ணைச் சுவருக்கு அடித்தார்கள். டைல்ஸ் இல்லை. கணவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அன்று மழை பெய்தது. உள்ளே ஏனம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

இது சொந்த வீட்டுக் கணக்கு. மலை மேலே, மூணாறு, தேவிகுளம் பக்கம் போனால் கணக்கு வேறு. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறவர்களுக்கு வீடு சொந்தம் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் கொழுந்து பறித்த அக்கா, தன் காசைப் போட்டுத் தரை போட்டு, சுவரில் அலமாரி பதித்திருந்தால் அதெல்லாம் அங்கேயே நின்றுவிடும். லயத்தில் இருப்பவர்கள் தூக்கிக்கொண்டு போகக்கூடியதைச் செய்வது நல்லது. ஆணி அடிக்காமல் நிற்கிற மரத்தட்டு, குளிர் தரையில் படுக்காமல் இருக்க ஒரு பலகைக் கட்டில், மேலே சொன்ன சூடாறாப் பெட்டி, ஜன்னலுக்குக் கனமான திரை. இதெல்லாம் லாரியில் ஏறும். குளிருக்கு ஒரு எச்சரிக்கை. கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

லயத்துக் கூரையும் சுவரும் யார் செலவு? 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அப்போதிலிருந்து வீடு கொடுப்பதும் அதைப் பழுது பார்ப்பதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை. அதனால் ஒழுகுகிற லயத்துக்குக் கைக்காசு போட்டுத் தகரம் வாங்கும் முன் மனு எழுத வேண்டும். தனியாக எழுதுவதைவிட ஒரே லயத்தில் உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது பலம்.

மலையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அன்று எந்தச் சுவரும் தாங்கவில்லை. பின்னால் உள்ள மேட்டில் புதிதாக வெடிப்பு தெரிகிறதா? இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் ஊறுகிறதா? நேராக நின்ற மரம் சாய்கிறதா? அப்படி இருந்தால் சாமான் எடுக்க நிற்காமல் ஆட்களோடு வெளியேற வேண்டும். பிறகு பஞ்சாயத்துக்கும் தாசில்தாருக்கும் சொல்ல வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னே பின்பக்கத்து வாய்க்காலை அடைப்பில்லாமல் வைப்பது எல்லாரும் சேர்ந்து செய்கிற வேலை.

சொந்த வீட்டைப் பழுது பார்க்கப் பஞ்சாயத்தில் உதவி இருக்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். கடன் வாங்கியே ஆக வேண்டுமானால் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் முதலில் கேட்டு, வட்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். மலையாளம் எழுதத் தெரியாதே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழர் வாழும் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

'ஐயா, எங்கள் லயத்தில் ஆறு வீடுகள் உள்ளன. அதில் நான்கு வீடுகளில் கூரை ஒழுகுகிறது. இரண்டாவது வீட்டில் பின்சுவர் விரிசல் விட்டிருக்கிறது. மழை தொடங்கும் முன் வந்து பார்த்துப் பழுது நீக்கித் தர வேண்டுகிறோம்.'

கீழே தேதி, வீட்டு எண், எல்லோருடைய கையெழுத்து. கைநாட்டு வேண்டாம், இப்போதுதான் எழுதத் தெரியுமே. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுங்கள். மற்றதில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரையும் தேதியும் வாங்கி, நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.